காற்றை அளந்த பின்

நீரைத் துணியால் வடிகட்டிப் பருகும் வழக்கம் நம் இல்லங்களில் வழிவழியாக இருந்து வருகிறது. கண்ணுக்குப் புலப்படாத உயிர்க்கும் ஊறு நேரலாகாது என்பதே அதன் நோக்கம். காணவில்லை, ஆகவே பொறுப்பில்லை என்று நம் முன்னோர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. வந்தவாசி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களினின்றும் சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம்முள் பல. அக்குடும்பங்கள் நாள்தோறும் உயிர்க்கும் நகரக் காற்றைக் குறித்தும் இவ்வாறே எண்ணிப் பார்த்தல் தகும்.

காற்றில் மிதக்கும் தூசியில் 2.5 மைக்ரோமீட்டரும் அதனிற் குறைந்தும் விட்டமுடையவற்றை நுண்துகள் என்பர். தலைமயிரின் பருமன் இதனைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று படிகின்றன. மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. இவற்றை அளக்கும் கருவிகளுள் ஒருவகை, மணிக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் காற்றை உறிஞ்சி ஒரு வடிதாளின் வழியே செலுத்துகிறது. தாளிற் படிந்த தூசியினூடே பீட்டாக் கதிர் பாயும்போது எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு தூசியின் எடையைக் கணிக்கிறது. இதுவும் ஒருவகை வடிகட்டலே. ஆனால் இது காற்றைத் தூய்மை செய்வதில்லை. கணக்கு மட்டும் சொல்லும்.

அக்கணக்கு என்ன செய்யும் என்பதற்குப் பீஜிங் நகரம் சான்று. அங்குள்ள அமெரிக்கத் தூதரகம் 2008இல் தன் வளாகத்தில் ஒரு கருவியை நிறுவி, நுண்துகள் அளவை மணிக்கொருமுறை வெளியிடலாயிற்று. நகர நிருவாகமோ அதைவிடப் பெரிய துகள்களையும் உள்ளடக்கிய கணக்கையே வெளியிட்டு வந்தது. 2012 சனவரியில் அந்நிருவாகமும் நுண்துகள் அளவை வெளியிடத் தொடங்கிற்று. அதனால் மட்டும் காற்று மாறிவிடவில்லை. அறியோம் என்று சொல்லும் வசதி போயிற்று.

அறியாது செய்த தீங்கு வேறு, அறிந்து செய்த தீங்கு வேறு என்பதை யாவரும் ஒப்புவர். அறிய வழியிருந்தும் அறியாதிருத்தல் எவ்வகையில் அடங்கும்? அது இரண்டாவதற்கே அணித்தானது என்பது நம் கருத்து.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கருவி எவ்வளவு என்று சொல்லுமேயன்றி, யாருடையது என்று சொல்லாது. புகைபோக்கியினின்றும் வாகனத்தினின்றும் வெளிப்படும் வாயுக்கள் காற்றில் வினைபுரிந்து பின்னர்த் துகளாகத் திரள்வதும் உண்டு. அத்துகளை எவர் தலையில் ஏற்றுவது? ஆனால் நம் அறநூல்கள் வினையைச் செய்தவனோடு நிறுத்தவில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வாயில்களைக் கூறின. உரிமையாளன் அறியப்படாத புகைக்கு இம்மூன்றும் மிகவும் பொருந்துகின்றன.

தீபாவளியையே எடுத்துக்கொள்வோம். மகாவீரர் வீடுபேறெய்திய நாள் என்று விளக்கேற்றுகிறோம். அன்றிரவு நகரில் நுண்துகள் அளவு ஓரிரு மணி நேரத்தில் விரைந்தேறுகிறது. நம் நாடு 2009இல் வகுத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 15. (இரண்டும் ஒரே மனித நுரையீரலுக்காக வகுக்கப்பட்டவை!) சராசரி என்பது அந்த ஓரிரு மணி நேரத்தை ஒரு நாள் முழுவதும் பரப்பிக் காட்டிவிடும். மூச்சிரைப்பு நோயுள்ள முதியவர் சராசரியை உயிர்ப்பதில்லை. அந்த மணி நேரத்துக் காற்றையே உயிர்க்கிறார். ஆகவே ஆலந்தூர், மணலி முதலிய நிலையங்களின் மணிவாரிக் கணக்கைப் பார்ப்பதே பயனுடையது. அது பொதுமக்கள் காணக் கிடைக்கிறது.

பட்டாசு கொளுத்தும் சிறுவன் செய்கிறான். வாங்கிக் கொடுக்கும் பெரியவர் செய்விக்கிறார். இவற்றில் ஐயமில்லை. சன்னலைச் சாத்திக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே அமர்ந்திருக்கும் ஏனையோர் உடன்பட்டவர் ஆவாரா என்பதில் மட்டும் நமக்குள் இன்னும் கருத்தொருமை ஏற்படவில்லை.