சுமப்பவனும் சொல்பவனும்

தூது செல்வோரை நம் முன்னோர் மூவகைப்படுத்தினர். அனுப்பியவன் கருத்தையும் சென்ற இடத்தின் நிலையையும் அறிந்து, தானே வகுத்துப் பேச வல்லவன் தலையாய தூதன். சொல்லி அனுப்பியதை மாறாமற் சொல்பவன் இடைப்பட்டவன். ஓலையில் எழுதியிருப்பது யாதென்றே அறியாமல் அதை நீட்டிவிட்டு நிற்பவன் கடையன். அறிவே தூதனின் தகுதி என்பது இவ்வரிசையின் உட்பொருள். வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அறிவையும் சொல்வன்மையையும் தூதனிடம் எதிர்பார்த்ததும் இக்கருத்துப் பற்றியே.

இன்றோ உலகின் ஓலைகளிற் பெரும்பகுதியைச் சுமப்பவன் அந்தக் கடையாய தூதனே. வீடுகளிலும் பாடசாலைகளிலும் தொலைபேசி நிலையங்களிலும் சிறு விளக்குகள் மினுங்க இருக்கும் ரவுட்டர் என்னும் கருவியையே கருதுகிறோம். அதை வழிப்படுத்தி என்று இங்கு வழங்குவோம். தான் சுமப்பது காதற் கடிதமா, கணக்குப் பாடமா, கொலை மிரட்டலா என்பதை அது அறியாது. அறிய முற்படுவதும் இல்லை. அந்த அறியாமையே அதன் சிறப்பு என்கின்றனர் அதை அமைத்தோர். அவ்வாறாயின் நம் முன்னோரின் வரிசை தலைகீழாகிவிட்டதா? அறியாமலும் கேளாமலும் சுமப்பது ஓர் அறமாகுமா? இக்கேள்வியைப் பொறியியலாளரிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. கொழும்பின் தென்புறத்தில் வாழும் தமிழருக்கு இது ஏட்டுக் கேள்வியும் அன்று.

இரத்மலானை வழிகளால் ஆன ஊர். காலி வீதியும் கரையோர இருப்புப் பாதையும் அதனூடே செல்கின்றன. புகையிரதங்களைச் செப்பனிடும் பெருந்தொழிற்சாலை அங்குண்டு. அவ்வூர் விமான நிலையத்தில் முதல் விமானம் வந்திறங்கியது 1935 நவம்பரில். அயலிலுள்ள கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு 1990 இல் மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கியபோது அதற்கு வித்திட்ட பேராசிரியர் அபய இந்துருவ அங்கேதான் பணியாற்றினார். அடுத்துள்ள கல்கிசைக் கரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 2006 இல் கடலடிக் கம்பி ஒன்று இடப்பட்டது. புகையிரதத்துக்கும் விமானத்துக்கும் வழி தந்த நிலம், கண்ணுக்குத் தெரியாத பொதிகளுக்கும் வழி தந்தது.

அப்பொதிகள் செல்லும் முறையைச் சற்று விளக்குவோம். இரத்மலானையில் ஒரு மாணவி ரொறன்ரோவிலுள்ள அண்ணனுக்கு நீண்ட கடிதம் ஒன்றை அனுப்புகிறாள் என்க. அது முழுதாகப் போவதில்லை. சிறு சிறு துண்டுகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு துண்டும் ஓர் உறையிலிடப்பட்டதைப் போன்றது. உறையின் மேல் சேருமிடத்து முகவரியும் அனுப்பிய இடத்து முகவரியும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இதுவே பொதி. செய்தியைத் துண்டாக்கி அனுப்பும் இக்கருத்தை 1960களில் அமெரிக்காவில் போல் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிசும் தனித்தனியே கண்டனர். உறையின் அமைப்பை விதித்த அடிப்படை ஆவணம் 1981 இல் வெளிவந்தது; அவ்வமைப்பு இன்றும் வழக்கில் உள்ளது.

பொதி வழிப்படுத்தியிடம் வந்ததும் அது சேருமிடத்து எண்ணைப் பார்க்கின்றது. தன்னிடமுள்ள அட்டவணையில் அவ்வெண்ணோடு அதிக அளவு பொருந்தும் வரியைத் தேடுகின்றது. தபால் பிரிப்பவர் 'கனடா' என்று மட்டும் எழுதிய பெட்டியைவிட 'ரொறன்ரோ' என்று எழுதிய பெட்டி இருந்தால் அதில் இடுவாரல்லவா, அதுபோல. பொருந்தும் வரி எந்த அயலானைக் காட்டுகின்றதோ அவனிடம் பொதியை ஒப்படைத்துவிட்டு அதை மறந்துவிடுகின்றது. முழுப் பயணத்தையும் எந்த வழிப்படுத்தியும் அறிவதில்லை. அடுத்த காலடியை மட்டுமே ஒவ்வொன்றும் அறியும். ஒரே கடிதத்தின் துண்டுகள் வெவ்வேறு வழிகளிலும் போகலாம். முன்னது பின்னாகவும் வந்து சேரலாம். அவற்றை ஒழுங்குபடுத்துவதும், வராததைத் திரும்பக் கேட்டுப் பெறுவதும் இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் வேலை. அறிவு முனைகளில் இருக்கட்டும், நடுவில் இருப்பவன் சுமந்தாற் போதும் என்பதே இவ்வமைப்பின் கோட்பாடு.

உறையில் இன்னோர் எண்ணும் உண்டு. அதைப் பொதியின் வாழ்நாள் எனலாம். உயர்ந்த அளவு 255. ஒவ்வொரு வழிப்படுத்தியும் அதில் ஒன்றைக் கழிக்கும். வழி தவறிச் சுற்றிச் சுற்றி வரும் பொதியின் எண் சுழியமானதும் அது கைவிடப்படும். இல்லையேல் அலையும் பொதிகளே வழியை அடைத்துவிடும்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அனுப்பியவரின் முகவரி உறையின் மேலேயே இருக்கின்றது. ஆயினும் வழியைத் தீர்மானிக்கும் பொழுதில் வழிப்படுத்தி அதைப் பார்ப்பதில்லை. 'எங்கே போகவேண்டும்?' என்பது மட்டுமே அதன் கேள்வி. 'நீ யார்?' என்றும், 'ஏன் போகிறாய்?' என்றும் அது கேட்பதில்லை.

காலி வீதியில் இவ்விரு கேள்விகளும் கேட்கப்பட்டதுண்டு. 1983 ஜூலையில் வாகனங்கள் மறிக்கப்பட்டன. உள்ளிருந்தோரின் பெயர் கேட்கப்பட்டது. சிங்களச் சொல் ஒன்றை உச்சரிக்கும்படி கூறி நாக்கின் அசைவிலிருந்து இனம் கண்டறியப்பட்டது. எங்கே போகிறார் என்பது எவருக்கும் பொருட்டாகவில்லை. எங்கிருந்து வந்தவர் என்பதே உயிரையும் சாவையும் தீர்மானித்தது. இரத்மலானை விமான நிலையக் கொட்டகைகள் அகதி முகாமாயின. பின்னர் 2007 ஜூன் 7 ஆம் நாள் அதிகாலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிற இடங்களிலும் உள்ள விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணம் இல்லாதோர் என்பதே அவர்கள்மேற் சாட்டப்பட்ட குற்றம். மறுநாள் உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் நாட்டின் பிரதமரே அது தவறென்று வருத்தம் தெரிவித்தார்.

நோய்க்கு மருந்து தேடியும், வெளிநாட்டுப் பயணப் பத்திரத்துக்குக் காத்தும், வேலை நாடியும் விடுதியில் தங்கியிருக்கும் மனிதன் தன் நாட்டின் தலைநகரில் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமா? கைப்பிடியளவான ஓர் இயந்திரம் பொதி ஒன்றிடம் கேட்காத கேள்வியை, அரசு குடிமகனிடம் கேட்டது. வழியில் செல்வோரை அவர் பிறப்புப் பற்றி விசாரியாது செல்லவிடுதல் என்பது நாகரிகத்தின் முதற் பாடம். அந்த மட்டில், கடையாய தூதனிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

இச்சமத்துவத்தின் எல்லையையும் மறைத்தலாகாது. வழிக்கு வந்து சேர்ந்த பொதிகளுக்கே அது கிட்டும். தொற்றுநோயால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021 இல், பதுளை மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் மாணவர்கள் தொலைபேசிக்குச் சமிக்ஞை தேடிக் காட்டு வழியே நடந்து மேட்டிலும் மரத்திலும் ஏறிப் பாடம் பெற்றனர். அவர்களின் பொதியும் கொழும்புச் செல்வனின் பொதியும் வழிப்படுத்திக்கு ஒன்றுதான். ஆனால் ஒருவனுக்கு வழி வீட்டு வாசலில் இருக்கின்றது, மற்றவனுக்கு மலையுச்சியில் இருக்கின்றது. வழி யாருடைய உடைமை, அதை எங்கே இடுவது என்று தீர்மானிப்போர் யார் என்னும் கேள்விகளுக்கு வழிப்படுத்தி விடை தராது. அவை சமுதாயம் தீர்க்கவேண்டிய கணக்குகள்.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். யாரையும் கேளாமற் சுமப்பவன் நஞ்சையும் சுமப்பானன்றோ? உண்மையே. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென்று ஒரு பொய் கிளம்பிற்று. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிற் கண்டது வெறும் மாவுக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அடுத்த மாதம் கண்டி மாவட்டத்துத் திகனவிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவ்வெறுப்பைப் பரப்பிய சொற்களையும் வழிப்படுத்திகள், நோயாளியின் மருந்துச் சீட்டைச் சுமக்கும் அதே நேர்மையுடன் சுமந்தன.

அரசு கண்ட மருந்து வழியை அடைப்பது. 2018 மார்ச்சில் முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் அவ்வாறே நிகழ்ந்தது. 2022 ஏப்ரல் 3 ஆம் நாள், இனக்கலவரம் எதுவுமின்றி, எரிபொருளுக்கும் உணவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் தெருவுக்கு வந்து ஆட்சியைக் கேள்வி கேட்டபோதும் அதே கதவு சாத்தப்பட்டது; அன்றே திறக்கவும் பட்டது. வெறுப்பைத் தடுக்கவென்று கொணர்ந்த பூட்டு, நான்கு ஆண்டுகளில் எதிர்ப்பைத் தடுக்கும் பூட்டாயிற்று. பூட்டிய காலங்களிலும் பலர் பொதியை வேறோர் உறைக்குள் ஒளித்து, வேறு முகவரி எழுதி, தடையைக் கடந்தனர். அகப்பட்டுக்கொண்டது தாயின் நலம் விசாரிக்க முயன்ற ஏழையின் கடிதமே.

அன்றியும், வதந்திக்கு இணையம் தேவைப்படவில்லை என்பதை வரலாறு கூறும். 1958 இல், மட்டக்களப்பிற் கற்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார் என்ற செய்தி காலி வீதியோரம் வாய்க்கு வாய் பரவிற்று. விசாரித்தபோது அத்தகைய ஆசிரியை எவரும் அங்கில்லை என்பது தெளிந்தது. அதற்குள் பாணந்துறைக் கோயிலின் அர்ச்சகர் உயிரோடு எரிக்கப்பட்டுவிட்டார். அன்று வழிப்படுத்தி இல்லை. மனிதனே வழிப்படுத்தியாய் நின்றான். கேட்டதை அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வேலை முடிந்ததென்று திரும்பினான். பொதிக்கு வாழ்நாள் எண் உண்டு. வதந்திக்கு அதுவும் இல்லை. அறுபது ஆண்டுகள் கழிந்தும், ஊரையும் ஆளையும் மாற்றிக்கொண்டு அதே பொய் அம்பாறைக்கு வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் வழிப்படுத்தியின் மற்றொரு தொழிலை நோக்குதல் நலம். அது பொதியைச் சுமப்பதோடு நில்லாமல், அயலிலுள்ள வழிப்படுத்திகளுடன் பேசவும் செய்கின்றது. 'இன்ன முகவரிக்கு என் வழியே போகலாம்' என்று ஒன்று அறிவிக்க, மற்றது அதைக் கேட்டுத் தன் அட்டவணையைத் திருத்திக்கொண்டு, அடுத்ததற்கும் சொல்லும். உலகப் பெருவழிகளின் அட்டவணை இவ்வாறு, சொல்லைச் சொல் நம்பி உருவாவது. 2008 பெப்ரவரி 24 ஆம் நாள், தன் நாட்டில் யூடியூப்பைத் தடை செய்ய முனைந்த பாகிஸ்தானியத் தொலைத்தொடர்பு நிறுவனம், 'யூடியூப்புக்கு வழி நானே' என்னும் பொய்யறிவிப்பு வெளியே கசிய இடமளித்தது. அயல் நிறுவனம் அதைச் சோதியாமல் ஏற்று உலகுக்குச் சொன்னது. சில நிமிடங்களில் உலகின் பல பகுதிகளிலிருந்தும் யூடியூப்பை நாடிய பொதிகள் பாகிஸ்தானை நோக்கிச் சென்று மறைந்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அது நீடித்தது.

இத்தகைய நிகழ்வுகளிலிருந்து பொறியியலாளர் கற்ற பாடம் கருதத்தக்கது. பொதிகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவர்கள் முடிவுசெய்யவில்லை. அறிவிப்புகளைச் சோதிக்க வேண்டும் என்றே முடிவுசெய்தனர். இன்ன முகவரியை அறிவிக்கும் உரிமை இன்னாருக்கு உண்டென்பதற்குக் கையொப்பமிட்ட சான்றுகள் வகுக்கப்பட்டன. சான்றோடு முரண்படும் அறிவிப்பை ஏற்காமலும் பிறர்க்குச் சொல்லாமலும் விட இன்று வழிப்படுத்திகளைப் பழக்குகின்றனர். சுமக்கும்போது கேளாதிரு, சொல்லும்போது சோதித்துச் சொல். இயந்திரத்துக்கு விதித்த இவ்விரண்டு விதிகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

நாம் இவ்விரண்டையும் மாற்றிப் பிடித்துக்கொண்டோம் என்பதே நம் காலத்தின் கேடு. வழியிற் போகும் மனிதனை நிறுத்தி, நீ யார், ஏன் வந்தாய் என்று துருவினோம். கைக்கு வந்த சொல்லையோ, யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வியும் கேளாமல் நூறு பேருக்கு அனுப்பினோம். கேட்கக் கூடாத இடத்திற் கேட்டோம். கேட்க வேண்டிய இடத்தில் வாய் மூடினோம். 'எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன்' என்பவன் தன்னை இயந்திரத்தோடு ஒப்பிட்டுத் தப்ப முயல்கிறான். 2007 இல் பெயர்ப் பட்டியல் எழுதியவரும், விடுதிக் கதவைத் தட்டியவரும், பஸ்ஸைச் செலுத்தியவரும் அடுத்த காலடியை மட்டுமே தாம் அறிந்ததாகக் கூறக்கூடும். அறியாமை வழிப்படுத்திக்கு இயல்பு, அதற்கு மனமில்லை. மனமுள்ளவன் அதை இரவல் வாங்குதல் ஆகாது.

ஆகவே முன்னோர் வகுத்த வரிசை தவறவில்லை. பிறருடைய கடிதம் நம் கையால் கடந்து செல்லும்போது நாம் ஓலை கொடுத்து நிற்பவராகவே இருப்போம். அதைப் பிரிக்கும் உரிமை நமக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. ஆனால் ஒரு செய்தியைப் படித்து, நம் பெயரால் மற்றவர்க்கு அனுப்ப விரலை எடுக்கும் கணத்தில் நாம் நடுவழியில் நிற்பவர் அல்லர். வழியின் முனையில் நிற்பவர். அறிவு இருக்கவேண்டிய இடம் அதுவென்று அவ்வலையமைப்பே வகுத்துள்ளது. அங்கே நமக்குத் தலையாய தூதனின் கடமை வந்துவிடுகின்றது.

வகுப்பறையில் இதைக் கற்பிக்கத் தனிப் பாடவேளை வேண்டியதில்லை. ஒரு சொல்லின் மூலத்தைத் தேடு, சொன்னவன் யாரென்று கேள், ஏடுகளை ஒப்புநோக்கு என்று இலக்கியப் பாடத்தில் நாள்தோறும் சொல்லி வருகிறோம். பழம் பாட்டுக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையை, அயலவன் உயிர் தொங்கும் செய்திக்கும் காட்டுமாறு மாணவரைப் பழக்குவோம். அதனோடு, தெருவில் எதிர்ப்படும் மனிதனிடம் அவன் பிறப்பை விசாரியாதிருக்கவும் பழக்குவோம்.