விலையும் மதிப்பும்: முதுமையுற்ற சிற்றுயிருக்குக் காப்புறுதி வேண்டுமா?

ஓர் உயிரின் மதிப்பை அதன் விலையைக் கொண்டு அளத்தல் தகுமா என்பது ஒழுக்கவியலில் மிகப் பழைய வினா. அவ்வினா எப்பொழுதும் பெருநூல்களிலேயே எழுவதில்லை. சில வேளைகளில் வீட்டு மேசையில் வந்து கிடக்கும் ஒரு கடிதத்திலும் எழுகின்றது. பிரித்தானியாவிலே நாய், பூனைகளுக்கு மட்டுமன்றிக் கினிப்பன்றி போன்ற சிறு பிராணிகளுக்கும் காப்புறுதி செய்யும் வழக்கம் உண்டு. அங்கு மனிதருக்கென 1948ஆம் ஆண்டில் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டது. வளர்ப்புப் பிராணிகளுக்கு அத்தகைய பொதுச்சேவை இல்லை. மிருக வைத்தியரின் கட்டணம் பொதுவாக வளர்ப்பவரையே சாரும்.

அந்நாட்டில் 6 வயதை எட்டிய இரு கினிப்பன்றிகளை வளர்க்கும் எளிய குடும்பமொன்றைக் கருதுக. இவ்வுயிரினத்தின் ஆயுள் பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகளே. காப்புறுதியைப் புதுப்பிக்குமாறு கடிதம் வருகின்றது. கட்டுப்பணம் உயர்ந்துள்ளது, முன்னரே தோன்றிய நோய்களுக்குப் பணம் இல்லை, ஒவ்வொரு சிகிச்சையிலும் ஒரு பகுதியை வளர்ப்பவரே ஏற்றல் வேண்டும். பிராணியை வாங்கிய விலையோ ஓராண்டுக் கட்டுப்பணத்தினும் குறைவு. ‘சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்’ என்னும் பழமொழி இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே. அக்குடும்பம் காப்புறுதியைத் தொடர்வதா, கைவிடுவதா?

கணக்கறிந்தோர் கைவிடுக என்பர். பலர் சிறுதொகை செலுத்த, இடருற்ற சிலர் பெருந்தொகை பெறுவதே காப்புறுதியின் அடிப்படை. செலுத்தப்படும் மொத்தத் தொகை, வழங்கப்படும் தொகையினும் மிகுந்திருந்தாலன்றி அத்தொழில் நிலைபெறாது. எனவே காப்புறுதி செய்பவர் வாங்குவது இலாபத்தையன்று, எதிர்பாராத பேரிழப்பிலிருந்து பாதுகாப்பையே. முதுமையிலோ நோய் எதிர்பாராததன்று. பெரும்பாலும் வந்தே தீரும். நிச்சயமாக வரும் செலவுக்குக் காப்புறுதி மலிவாகக் கிடைப்பதில்லை. அப்பணத்தைத் தாமே சேமித்து வைத்தலே அறிவுடைமை என்பது இவர்தம் முடிபு.

இவ்வாதம் தன் எல்லைக்குள் சரியானதே. ஆயின் இதனோடு மற்றொரு கூற்றும் ஓசையின்றி உட்புகுவதுண்டு. ‘இது இறந்தால் குறைந்த விலைக்கு வேறொன்று வாங்கலாம்’ என்பதே அது. உடைந்த கோப்பைக்கு ஈடாக மற்றொரு கோப்பை வரலாம். கோப்பைக்கு நோவு இல்லை. விலங்குகளுக்கு நாம் நேரடியாகக் கடப்பாடு உடையோமல்லோம் என்றும், அவற்றிடம் கொடுமை செய்வோன் மனிதரிடத்தும் கொடியவனாவான் என்பதனாலேயே கொடுமை தவிர்க்கப்பட வேண்டும் என்றும் கருதினார் இம்மானுவேல் கான்ற். ஜெரமி பெந்தமோ 1789இல் வெளிவந்த தம் நூலில், விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பன வினாவல்ல, துன்புறுமா என்பதே வினா என்னும் கருத்தை முன்வைத்தார். பெந்தமின் அளவுகோலில் வாங்கிய விலைக்கு இடமே இல்லை. நோவு நூறு பவுணுக்கு வாங்கிய பிராணிக்கும் பத்துப் பவுணுக்கு வாங்கிய பிராணிக்கும் நோவே.

கடமையின் வேர் இன்னும் ஆழமானது. அந்தீசு மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் உணவுக்கென வளர்க்கத் தொடங்கிய இவ்வுயிரினத்தை, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தம் நாடுகளுக்குக் கொணர்ந்தனர். மனிதனைப் போலவே கினிப்பன்றியும் விற்றமின் ‘சி’யைத் தன் உடலில் ஆக்கவல்லதன்று. 1907இல் நோர்வேயைச் சேர்ந்த ஒல்ஸ்ற், புறோலிக் என்னும் இருவர் இவ்வுயிரிடத்தில் ஸ்கேவி நோயைத் தோற்றுவித்தே அந்நோயை ஆராய்ந்தனர். வெளியில் வாழ்ந்தால் பசுந்தழையைத் தானே தேடியுண்ணும்; கூட்டில் அடைக்கப்பட்டதோ, வளர்ப்பவர் கொடுத்தாலன்றி நலிந்து சாகும். தேடும் உரிமையைப் பறித்தவரே கொடுக்கும் கடமையை ஏற்றவராகின்றார். மருந்துக்கும் இதுவே நியாயம். மனிதர் மருந்தின்றி வாடும் உலகில் இது வீண் ஆடம்பரமன்றோ எனக் கேட்போர்க்கும் விடை இதுவே: வளர்க்காதிருத்தல் எவர்க்கும் குற்றமன்று, வளர்க்க முன்வந்தபின் கைவிடுதலே குற்றம்.

அங்ஙனமாயின் காப்புறுதியைத் தொடர்வதே அன்பு என முடிக்கலாமா? அதுவும் பிழையே. பிரித்தானியாவில் நிகழ்ந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, மயக்கமருந்து தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 வீதம், பூனைகளில் 0.24 வீதம், கினிப்பன்றிகளிலோ 3.8 வீதம் எனக் கண்டது. இவ்வுயிர் உண்ணாது சில பொழுது இருப்பினும் குடலியக்கம் குன்றும். இரையாகும் இனமாதலின் நோவை மறைக்கும் இயல்பும் உடையது. இந்நிலையில் சிறுநீர்ப்பைக் கல்லுக்கோ கட்டிக்கோ முதிய பிராணியைக் கத்திக்கு உட்படுத்துவது, பணம் இருக்கின்றது என்னும் ஒரே காரணத்தால் நடைபெறலாகாது. செலுத்திய பணம் வீணாகலாகாது என்னும் எண்ணமும், பிரிவைத் தாங்கவியலாமையும் அன்பின் வேடம் பூண்டு வருவதுண்டு. அங்கு காக்கப்படுவது பிராணியன்று, வளர்ப்பவரின் மனமே. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், நோவிலும் நோயிலுமிருந்து பாதுகாத்தலைப் பொறுப்பாளரின் கடமையாக்குகின்றது; நோவின்றித் தக்க முறையில் உயிரை முடித்தலை அது தடுக்கவில்லை. கடமை நோவை அகற்றுவதேயன்றி நாட்களை நீட்டுவதன்று.

ஆகவே அக்குடும்பம் தன்னைக் கேட்கவேண்டிய முதல் வினா காப்புறுதி பற்றியதன்று. நள்ளிரவில் அவ்வுயிர் உண்ண மறுத்துச் சுருண்டு கிடக்கும்போது, காசில்லை என்னும் காரணத்தால் விடியும்வரை, வாரக்கடைசிவரை, சம்பள நாள்வரை அது நோவுடன் காத்திருக்க நேருமா என்பதே முதல் வினா. பரிசோதனைக்கும், நோவகற்றும் மருந்துக்கும், வேண்டின் அமைதியான முடிவுக்கும் போதிய பணத்தை வேறாக வைக்க வல்லவர் காப்புறுதியைக் கைவிடலாம். அதில் துரோகம் இல்லை. கையில் நில்லாத பணமுடையோர், கட்டுப்பணம் எனக் கட்டாயமாகச் செலுத்துவதே நன்று. அதில் மடமை இல்லை. இரண்டுமின்றி, ‘வயதாகிவிட்டது, இனி என்ன’ என்று வாளாவிருத்தலே அறத்துக்கு மாறானது.

‘வயதாகிவிட்டது’ என்னும் சொல்லைச் சிற்றுயிரொன்றின் மீது எளிதில் உச்சரிக்கப் பழகிய நாவுக்கு, அதனை முதிய மனிதர்மீது உச்சரித்தலும் நாளடைவில் எளிதாகும். கான்ற் அஞ்சியதும் இதனையே. முதுமையிலே குறைவது காப்புறுதிக் கணக்கின் இலாபமேயன்றி, நோவை உணரும் உயிரின் மதிப்பன்று.