மூழ்கிய அடகும் மூன்று நாள் சாவியும்

சிராங்கூன் ரோட்டில் நகைக்கடைகளுக்கு நடுநடுவே அடகுக்கடைகள். கண்ணாடிப் பெட்டியில் சங்கிலி, வளையல்களுக்குப் பக்கத்தில் பழைய கைக்கடிகாரங்களும் விற்பனைக்கு இருக்கும். சுவிஸ் பெயர்களுக்கிடையே எப்போதாவது ஒரு ஜப்பானியப் பெயர் தலைகாட்டும்: கிராண்ட் சீகோ. 2015ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டப்படி சிங்கப்பூரில் வட்டி மாதம் 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மீட்க ஆறு மாத அவகாசம் உண்டு. அதற்குள் மீட்காத பொருள் கடைக்குச் சொந்தமாகிவிடும். அடகு மூழ்கியதும் சட்டத்தின் வேலை முடிந்தது.

வாங்க வருபவருக்கு அங்கேதான் யோசனை தொடங்குகிறது. மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது தமிழ்க் கல்யாணங்களில் பழகிப்போன வழக்கம். யாரோ மீட்க முடியாமல் விட்ட வாட்சை மாமனார் அந்தக் கையில் கட்டலாமா? பொருளோடு விட்டவருடைய கஷ்டமும் சேர்ந்து வந்துவிடாதா?

தங்கத்துக்கு இந்தச் சங்கடம் குறைவு. பழைய வளையலை உருக்கிவிட்டால் அது யாருடையது என்பதும் போய்விடுகிறது. வாட்சை உருக்க முடியாது. பழைய சீகோவின் பின்மூடியில் உள்ள வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டையும் அடுத்தது மாதத்தையும் காட்டும். ஜாதகம் எழுத நாளும் நேரமும்தான் பாக்கி. கீறல்கள், பக்கிளின் தேய்மானம், பட்டை மடிந்த இடம் எல்லாம் முன்பு கட்டியிருந்தவரின் மணிக்கட்டைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பிறர் வினை பொருள்வழியே தொற்றுமா என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தத்தில் கறாரான பதில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்திலிருந்து வளர்ந்த அந்த மரபில் வினை ஒரு சடப்பொருள். அதற்கு அறிவு கிடையாது. செய்தவன் யார் என்று தேடிப்பிடித்துப் பலன் கொடுக்க அதனால் முடியாது. ஆகவேதான் வினைப்பயனை உரியவனிடம் கூட்டிவைக்க இறைவன் வேண்டும் என்று சித்தாந்திகள் வாதிட்டார்கள். தன் சொந்தக்காரனையே தானாகக் கண்டுபிடிக்கத் தெரியாத வினை, எஃகுக்குள் பதுங்கியிருந்து அடுத்தவர் கைக்குத் தாவும் என்பதற்கு இந்த வாதத்தில் இடமே இல்லை.

இதை ஒரு பக்தர் எளிதில் மடக்கலாம். கல்லில் தெய்வ சாந்நித்தியத்தை எழுந்தருளச் செய்ய முடியும் என்று ஆகமம் சொல்கிறதே. நல்லது பொருளில் தங்கும் என்றால் கெட்டது ஏன் தங்காது?

பதிலுக்கு ஊரிலேயே உதாரணம் உண்டு. சவுத் பிரிட்ஜ் ரோட்டின் ஸ்ரீ மாரியம்மன் கோயில், நாராயண பிள்ளை 1827இல் தொடங்கியது. மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த அந்தக் கட்டடத்தில் இன்று என்ன மிச்சம்? செங்கல் வந்தது, கோபுரம் வந்தது, சுதைச் சிற்பங்கள் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டன. சுமார் 35 லட்சம் வெள்ளிச் செலவில் திருப்பணி முடிந்து 2023 பிப்ரவரி 12இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆனாலும் அது 1827ஆம் ஆண்டுக் கோயில்தான், எவரும் மறுப்பதில்லை.

திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சாந்நித்தியத்தைக் கலசத்துக்கோ தற்காலிகப் படிமத்துக்கோ மாற்றி, அங்கே பூசையைத் தொடர்வார்கள். வேலை முடிந்ததும் யாகசாலைக் கும்பநீர் வழியே அது மூலவரிடம் திரும்பும். கல்லுக்குள் தானாக எதுவும் ஊறிக் கிடப்பதில்லை. அழைத்தால் வருகிறது, பூசை நடக்கும்வரை நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அஷ்டபந்தன மருந்து சாத்திப் புதுப்பிப்பதும் இந்தத் தொடர்ச்சிக்காகத்தான். முன்னவரின் துயரம் வாட்சில் தங்க வேண்டுமென்றால், அதையும் யாராவது தினமும் வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வாட்ச் பிறந்த நாட்டிலும் இதே எண்ணம் உண்டு. ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிய மரத்தால் அடியோடு மறுபடி கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. கழற்றிய பழைய மரம் நாட்டின் வேறு ஆலயங்களுக்குப் போகிறது. அங்கே இரண்டாங்கை மரம் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை.

கிராண்ட் சீகோவும் பராமரிப்பில் வாழும் பொருள். முதல் வாட்ச் 1960இல் சுவா நகரில், கையால் சாவி கொடுக்கும் இயந்திரத்தோடு வந்தது. இன்றைய 9எஸ்64 இயந்திரத்துக்கு முழுச் சாவி கொடுத்தால் 72 மணி நேரம் ஓடும், மறந்துவிட்டால் நின்றுபோகும். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் தேவை: எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, காய்ந்த எண்ணெயை மாற்றி, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் பூட்டுவார்கள். பல சர்வீஸ் கண்ட வாட்சில் முதல் சொந்தக்காரர் சுற்றிய வில் சுருள்கூட இல்லாமல் போகலாம்.

சேகரிப்பாளர்கள் வேறு கட்சி. அவர்களுக்கு முகப்பும் முள்ளும் தொழிற்சாலையிலிருந்து வந்தவையாகவே இருக்க வேண்டும். பெட்டியை பாலிஷ் போட்டிருந்தால் விலை இறங்கும். அதில் நியாயமும் உண்டு. 1967இல் வந்த 44ஜிஎஸ் வாட்சின் அழகே ஸரட்சு முறையில் கண்ணாடியாகத் தீட்டிய தளங்களும் அவை சந்திக்கும் கூர்மையான விளிம்புகளும்தான். தேர்ச்சியில்லாத கை பட்டால் விளிம்பு மழுங்கிவிடும். இருந்தாலும் தோஷத்துக்கு அஞ்சுபவரும் அசலைத் தேடுபவரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகிறார்கள்: கடந்தகாலம் உலோகத்துக்குள் உட்கார்ந்திருப்பதாக இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் அதற்குப் பயப்படுகிறார், மற்றவர் பணம் கொடுக்கிறார்.

இஸ்லாம் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. வட்டி தடுக்கப்பட்டது; ஆண்கள் தங்கம் அணியக்கூடாது என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு. இன்னொருவர் கட்டியிருந்தார் என்பதற்காக ஒரு வாட்ச் விலக்கப்படுவதில்லை. குற்றம் தேடவேண்டிய இடம் கொடுக்கல் வாங்கல்.

மிஞ்சுவது அந்தக் கொடுக்கல் வாங்கல் பற்றிய கேள்விதான். வாட்சுக்குத் தோஷமில்லை என்பதால், ஒருவர் இழந்ததை இன்னொருவர் மலிவாகப் பெறும் ஏற்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றாகிவிடாது. இழந்தவர் நொடித்துப்போனவராகவும் இருக்கலாம், அலுத்துப்போய் வேண்டாமென்று விட்டவராகவும் இருக்கலாம். கடைக்காரர் அதைச் சொல்லப்போவதில்லை. வாங்குபவர் கேட்கக்கூடியது, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்பதையும் எந்தெந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதையும்தான்.