வாபஸ் வாங்கினால் போதுமா?



ஒருவன் கெட்ட எண்ணமின்றி ஒரு காரியம் செய்கிறான். அதனால் பிறருக்குப் பெரும் நஷ்டம் நேரிடுகிறது. தவறு தெரிந்தவுடன் அதை நிறுத்திவிடுகிறான். அவனுடைய கடமை அத்துடன் தீர்ந்ததா? ஒழுக்க சாஸ்திரத்தில் இது பழைய கேள்வி. நம் காலத்தில் இதற்குப் புதியதோர் உதாரணம் கிடைத்திருக்கிறது.

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி வெள்ளிக்கிழமையன்று நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள் அல்லவா? அதே நாளில் ஜெர்மனியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளி வைத்தது. காரணம் என்ன? கம்ப்யூட்டர்களைத் திருட்டு நுழைவிலிருந்து காக்கும் வேலையைச் செய்வது கிரௌட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கக் கம்பெனி. அன்று நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு, அந்தக் காவல் வேலைக்கான ஒரு சிறு பைலை உலகெங்கும் அனுப்பிற்று. 21 விவரங்கள் வரும் என்று ஏற்பாடு. யந்திரத்தில் கொடுக்கப்பட்டவையோ 20. இல்லாத 21-வதைத் தேடிக் காவல் புரோகிராம் தனக்கு உரிமையில்லாத இடத்தில் கை வைத்தது. அந்தக் கணமே நீலத்திரை தோன்றி யந்திரம் விழுந்தது. இப்படி விழுந்தவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் யந்திரங்களில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

78 நிமிஷத்திற்குள் கம்பெனியார் தவறைக் கண்டு பைலை வாபஸ் வாங்கிவிட்டார்கள். இது பாராட்டத்தக்க வேகந்தான். 11 மணிக்குப் பிறகு யந்திரத்தைப் போட்டவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் முன்பே விழுந்தவற்றின் கதி என்ன? காவற்காரன் முதலில் எழ வேண்டியவன். ஆகவே யந்திரம் விழித்ததும் அந்தப் பைலையே படிக்கும், படித்ததும் விழும். திருத்தம் வெளியே காத்திருக்கிறது, அதை உள்ளே வாங்கிக் கொள்ளும் வரையில் நிற்க யந்திரத்திற்குச் சக்தியில்லை! திரும்பத் திரும்பப் போட்டதில் சில தப்பின. 15 தடவை வரை போட வேண்டியிருந்ததாம்.

மற்றவற்றிற்கு மனிதன்தான் போக வேண்டியிருந்தது. யந்திரத்தின் முன் உட்கார்ந்து, சேஃப் மோட் என்னும் குறைந்தபட்ச நிலையில் அதை எழுப்பி, அந்த ஒரு பைலைத் தேடி அழித்து, மறுபடி போட வேண்டும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட சாவி எண்ணையும் தட்ட வேண்டும். பிறகு அடுத்த மேஜை. பெரும்பாலும் இதைச் செய்தவர்கள் தவறு செய்த கம்பெனியாரல்ல. அந்தந்த ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்த, ஒரு பாவமும் அறியாத சிப்பந்திகள்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்ப்போம். கம்பெனியாருக்குத் தீய எண்ணம் இல்லை. பைலைச் சோதித்த புரோகிராமிலேயே பிழை இருந்ததால் பிழை தெரியாமற் போயிற்று. இருந்தாலும் முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருக்கலாமே? பின்னால் அப்படித்தான் படிப்படியாக அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். முன்னே செய்திருக்கக் கூடியதைச் செய்யாதது கவனக்குறைவு. அதற்கு அவர்கள் உத்தரவாதிகள். இது குற்றத்தைப் பற்றியது. கடன் வேறு. வாபஸ் வாங்குவது இனி வரும் தீங்கைத் தடுக்கிறது. வந்துவிட்ட தீங்கைத் தொடுவதேயில்லை.

"வாட்ஸ்அப்பில் போட்டதை உடனே அழித்துவிட்டேன், சாமி" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு பெண்ணைப் பற்றித் தெரியாத்தனமாக ஒரு சேதி அனுப்பினார்கள். பொய்யென்று தெரிந்ததும் அழித்தார்கள். நல்லதே. ஆனால் அதற்குள் படித்தவர்கள்? சம்பந்தம் பேசி வந்து, ஒன்றும் சொல்லாமல் பின்வாங்கிய குடும்பத்தார்? அவர்கள் அந்தக் குழுவைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. பொது மன்னிப்பு எழுதினாலும் அவர்களை எட்டாது. வாசலில் போய் நின்று, "நான் சொன்னது தப்பு" என்று வாயால் சொன்னாலன்றி அந்த எண்ணம் நீங்காது. வெட்கமாக இருக்கும், எத்தனை வாசல் என்பதும் தெரியாது. "அதற்கு நான் என்ன செய்வேன்?" என்றால், தெரிந்த வாசல்களுக்காவது போகலாம் என்பதே என் பதில். அந்தப் பெண்ணின் தகப்பனார் வீடு வீடாகப் போய் விளக்க வேண்டியிருப்பது எந்த நியாயம்?

2024 செப்டம்பர் 24-ந் தேதி அந்தக் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸின் கமிட்டி முன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். தவறு நடந்து இரண்டு மாதத்திற்குமேல் ஆகியிருந்தது. இருந்தும் அவர் வந்தார்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் இப்படி எழ மறுத்தால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடும்படி யாரேனும் சொன்னவுடன் சம்மதித்துவிடாதீர்கள். அன்று விழுந்த யந்திரங்களில் சேர்த்து வைத்த விவரங்கள் உள்ளே அப்படியேதான் இருந்தன; கெட்டது ஒரு பைல். டிஸ்க் பூட்டியிருந்தால் அந்த 48 இலக்கங்களை ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு இன்றே வைத்துவிடுங்கள்.