இல்லாவிட்டால்

‘எடுக்காமல் விட்டிருந்தால் செத்துப்போயிருக்கும்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் சார்பில் அவர்களே தயாரித்துக் கொடுக்கும் சமாதானம் இது. வாக்கியத்தில் பொய் இல்லை. பொய் இல்லாத ஒரு வாக்கியம் இவ்வளவு சௌகரியமாகவும் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

விஷயம் சிறியது. மயிலாப்பூரில், பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி, மாடி அறையின் புத்தக அலமாரியில் கீழ்த்தட்டில் ஒரு சோதனைக்குழாய் கிடக்கிறது. அதற்குள் ஒரு கட்டெறும்பு ராணி. மழை விட்ட ஒரு மாலையில், இறக்கைகளை உதிர்த்துவிட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் பொந்து தேடி ஓடிக்கொண்டிருந்ததைப் பிடித்தேன். குழாயின் அடியில் மூன்றிலொரு பங்கு தண்ணீர். தண்ணீரைத் தடுத்து ஒரு பஞ்சு. பிறகு ராணி. வாயில் இன்னொரு பஞ்சு. சுற்றிலும் கறுப்புக் காகிதம். உலகத்தில் பல ஊர்களில் இன்று இது ஒரு பொழுதுபோக்கு. எறும்புக்கென்றே கண்ணாடிக் கூடுகள் விலைக்கு வருகின்றன. என்னிடம் இருப்பது குழாய் மட்டும்.

அது என்றுதான் எழுதப்போகிறேன். அவள் என்று எழுத ஆரம்பித்தால் வாதத்தில் பாதி இலக்கணத்திலேயே முடிந்துவிடும்.

முதலில் தோன்றுகிற குற்றச்சாட்டு, சிறை. இது நிற்காது. மண்ணில் விட்டிருந்தாலும் ராணி செய்திருக்கக்கூடியது இதுவேதான்: ஒரு சிறு அறையைத் தோண்டி, உள்ளே புகுந்து, வாசலை மூடிக்கொள்வது. இந்த இனத்தில் ராணி வெளியே வந்து இரை தேடுவதில்லை. முதல் பிள்ளைகள் வளரும்வரை சாப்பிடுவதே இல்லை. இனி பறக்கப்போவதில்லை என்பதால் இறக்கைகளை இயக்கிய தசைகள் உடம்புக்குள்ளேயே கரைகின்றன. அந்தச் சத்தும் சேமித்த கொழுப்பும்தான் புழுக்களுக்குப் போகும் ஆகாரம். பறந்த ஒரு மாலையைத் தின்று ஒரு குடும்பம் உருவாகிறது என்று சொன்னால் கவிதைபோல இருக்கும். ஆனால் இது வெறும் ரசாயனம், அதனாலேயே எனக்கு அதிக மரியாதை. வாழ்வில் ஒரே ஒரு பருவத்தில் இணைந்து பெற்ற விந்தை உடலுக்குள் ஒரு பையில் வைத்துக்கொண்டு பல வருஷங்களுக்குச் செலவழிக்கிறது. ஆண்கள் அந்தப் பறத்தலோடு சரி.

முப்பத்தெட்டாம் நாள் முதல் வேலைக்காரி கூட்டைவிட்டு வந்தது. கட்டெறும்பின் புழு தன்னைச் சுற்றி நூற்றுக்கொள்ளும் கூடு, வெளிர்மஞ்சளாக, கோதுமை மணிபோல இருக்கும். உள்ளே இருப்பதற்குத் தானே கிழித்துக்கொண்டு வர முடியாது. வெளியிலிருந்து யாராவது பிரித்துவிட வேண்டும். ராணியே பிரித்தது. வந்தது சோகை பிடித்ததுபோல் வெளிறி, தெருவில் போகும் கட்டெறும்பில் பாதிகூடத் தேறாத உருவம். முதல் ஈட்டில் எல்லாமே இப்படித்தான் குறுகிப் பிறக்கும். பட்டினி கிடந்த உடம்பு அதற்குமேல் கொடுக்க முடியாது.

ஆக, சிறை என் கண்டுபிடிப்பல்ல. நான் செய்தது மண்ணுக்குப் பதில் கண்ணாடி வைத்தது. பார்ப்பதற்காக.

இந்தப் பார்க்கும் ஆசைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர் வங்கி முதலாளி, பார்லிமெண்ட் உறுப்பினர், 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்து இங்கிலாந்து குமாஸ்தாக்களுக்கு ஓய்வு வாங்கித் தந்தவர். தன் வீட்டில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எறும்புகளை வளர்த்தார். 1874-ல் கொண்டுவந்த ஒரு ராணி 1888 வரை அவரிடம் உயிரோடு இருந்தது. எறும்புக்குச் சாராயம் கொடுத்துத் தள்ளாடவைத்து, தோழர்கள் என்ன செய்கின்றன என்று குறித்துவைத்தவரும் அவரே. சொந்தக் கூட்டுக் குடிகாரனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தன. அந்நியனைத் தண்ணீரில் தள்ளின. 1882-ல் வந்த அவர் புத்தகத்தில் கருணை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது மிகவும் நிதானமான கருணை.

அவர் தன் எறும்புகளைக் கவனித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், என் வீட்டுக்கு இரண்டு தெரு அப்பால் ஓடும் கால்வாயைத் தோண்டினார்கள். தாது வருஷப் பஞ்சம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற இந்த ஐந்து மைல் துண்டு 1877-78-ல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டு, அப்போதைய கவர்னர் பெயரைப் பெற்றது. அந்த நாட்களில் கூலியை நிர்ணயிக்க ஒரு விவாதம் நடந்தது. ரிச்சர்ட் டெம்பிள் நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று வைத்தார். மதராஸின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், ஒன்றரை ராத்தலும் பருப்பும் காய்கறியும் இல்லாமல் உழைக்கும் உடம்பு தாங்காது என்றார். 1877-லேயே அளவு கொஞ்சம் உயர்ந்தது, கார்னிஷ் கேட்டதற்குப் பாதி வழிவரை.

நான் ஒப்பிடுவது பஞ்சத்தில் அடிபட்டவர்களையும் எறும்புகளையும் அல்ல. அப்படி ஒப்பிடுகிறவன் எழுதாமலிருப்பது நல்லது. ஒப்பிடுவது ஒரு வாதத்தை. ‘இல்லாவிட்டால் செத்திருப்பார்கள்’ என்பதுதான் ஒரு ராத்தலுக்கும் நியாயம், ஒன்றேகாலுக்கும் நியாயம். முக்கால் ராத்தலைக்கூட அதே வாக்கியம் நியாயப்படுத்தியிருக்கும். சாவைத் தரைமட்டமாக வைத்துக்கொண்டு அளந்தால் அதற்கு மேலே ஒரு விரற்கடை எதுவும் உபகாரம்தான். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அந்தக் கோல் அளக்காது. கொடுப்பவன் எவ்வளவு குறைவாகக் கொடுத்துத் தப்பலாம் என்பதை மட்டும் அளக்கும். இந்த ஊரில் வேலைக்குச் சிறு பெண்களைக் கிராமத்திலிருந்து கொண்டுவந்த வீடுகளிலும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். ‘ஊர்ல இருந்தா சோத்துக்கே வழியில்லை.’ அதுவும் பொய்யில்லை.

சரி, எறும்புக்கு எந்தக் கோல்? மழை மாலையில் பறந்த ராணிகளில் மிகப் பெரும்பாலானவை கூடு காணாமலே போகின்றன. பல்லி, காக்கை, மைனா, வேறு கூட்டு எறும்புகள், தேங்கிய தண்ணீர். என் குழாயில் இது பிழைத்தது. இந்தக் கணக்கில் நான் தர்மவான். ஆனால் கூட்டம் என்பது வேலைக்காரிகளின் தொகை அல்ல. சில வருஷங்கள் வளர்ந்து, எண்ணிக்கை பெருகிய பிறகு, அதிலிருந்து இறக்கையுள்ளவை பிறக்கும். அவை ஒரு மழைக்குக் காத்திருக்கும். பல கூடுகளும் ஒரே மாலையில் திறக்க வேண்டும், அந்நியக் கூட்டு ஆண்கள் வேண்டும், ஆகாயம் வேண்டும். கண்ணாடிக்குள் பெரும்பாலான இனங்கள் இணைவதில்லை. நான் நன்றாக வளர்க்க வளர்க்க, அந்த மாலை இல்லாத ஒரு அறையில் இறக்கைகள் முளைப்பதை நோக்கித்தான் போகிறேன். பட்டினியில்லை, பகையில்லை, ஈரம் குறையாது. முதல் ராணிக்குச் சுவர் இயற்கை. அதன் மகளுக்கு அதே சுவர் நான்.

ராணி என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. ஆளுவது எதுவும் அதில் இல்லை. எல்லா இனத்திலும் அதற்கு ஒரே அந்தஸ்தும் இல்லை. டி. சி. ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851-ல் மதராஸ் லிட்டரரி சொசைட்டியின் பத்திரிகையில் வெளியிட்டார். அதில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட குதிக்கும் எறும்பு ஒன்றில், ராணி செத்தால் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் மோதிப் பார்த்து, வென்றவை முட்டையிடத் தொடங்கும். அப்போது அவற்றின் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. பதவி போனால் திரும்ப வளர்கிறது. இது தெரியவந்தது 2021-ல். (நம் இலக்கியச் சூழலுக்கு இதை யாராவது பொருத்திப் பார்க்கலாம். எனக்கு எதிரிகள் போதும்.) கட்டெறும்புக்கு அந்த வழி இல்லை. ராணி போனால் கூட்டம் மெல்லத் தேய்ந்து முடியும். ஒன்றைப் பிடித்தவன் இன்னும் பிறக்காத அத்தனையையும் பிடித்தவனாகிறான்.

மார்கழியில் அரிசிமாவில் கோலம் போடுவது எறும்புக்கு உணவிடத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது பெரும்பாலும் கல்மாவு. எறும்பு முகர்ந்துவிட்டுப் போகிறது. அரிசிமாவாக இருந்த காலத்திலும் போட்டவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எத்தனை எறும்பு தின்றது என்ற கணக்கு அவளிடம் கிடையாது. கொடுப்பதில் அது ஒரு வகை, என்னுடையதைவிட மேல் என்றும் படுகிறது. ஆனால் அந்த வகையில் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்துகொள்ளும் ஆசையை அற்பம் என்று சொல்ல நான் தயாரில்லை.

கூட்டத்தைக் கொண்டுபோய் மண்ணில் விட்டுவிடு என்பது ஒரு யோசனை. பதினோரு குறுஎறும்புகளை வேறொரு கூட்டத்தின் எல்லையில் கொட்டுவது விடுதலை இல்லை, கைகழுவுவது. போன வாரம் குழாயை ஜன்னல் விளிம்பில் வைத்து வாய்ப்பஞ்சை எடுத்தேன். தண்ணீர்ப் பஞ்சு அப்படியே இருக்கிறது, தீர்ந்தால் நிரப்புவேன். ராணி அசையவில்லை. இரண்டு நாள் கழித்து ஒன்று வெளியே வந்து சுவரைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தது. பிறகு மூன்று. இப்போது வேளைக்கு நாலைந்து, முருங்கைக் கிளையில் இருக்கும் மாவுப்பூச்சியிடம் போய் வருகின்றன. ஒரு கிளை வழி கீழ்வீட்டுச் சமையலறைக்கும் இறங்குகிறது.

கீழ்வீட்டு மாமி நேற்று எறும்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். ‘ஸார், சுவத்துல வரிசையா வரதே, அதெல்லாம் உங்காத்து எறும்பா?’

தெருவில் அதே இனம் ஆயிரம் இருக்கிறது. என்னுடையவை முதல் ஈடு என்பதால் உருவம் சிறியது. இன்னும் சில மாதங்களுக்கு அதை வைத்து அடையாளம் சொல்லலாம்.