மணலில் எழுதிப் படித்த ஊழியக்காரர்



நம்முடைய சபை வாலிபத் தம்பி ஒருவர் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போயிருப்பது உங்களுக்குத் தெரியும். கிழக்கு ஜெர்மனியில் ஒரு வயதான தம்பதியர் வீட்டு மாடியில் தங்குகிறார். அவர்கள் சபைக்குப் போகாதவர்கள். 1990 வரை கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த பகுதி அது. அங்கே பெரும்பாலான ஜனங்கள் இன்றைக்கும் அப்படித்தான். தம்பியின் தாயார் என்னிடம் அழுதார்கள். "ஆண்டவரையே நம்பாதவங்க வீடாமே பாஸ்டர், பிள்ளை மாறிடுவானோ?" என்றார்கள். நான் தம்பியைத் தனியே அழைத்து, "அவங்களோட ரொம்ப வச்சுக்காதப்பா. உன் ரூம் உண்டு, உன் வேதம் உண்டுன்னு இரு" என்று புத்தி சொல்லி அனுப்பினேன். பெரிய ஆலோசனை சொல்லிவிட்டதாகத்தான் அன்றைக்கு எனக்கு நினைப்பு.

போன மாதம் ஒரு துக்க வீட்டு ஜெபத்துக்காகத் தரங்கம்பாடி போனேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கடற்கரைப் பக்கம் நடந்தேன். சீகன்பால்க் ஐயர் வந்து இறங்கினதின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. பைபிள் காலேஜில் சபை சரித்திரப் பரீட்சைக்கு அவருடைய வருஷங்களை மனப்பாடம் பண்ணி எழுதினவன் நான். ஆனால் அந்த மனுஷன் என்ன செய்தார் என்று அன்றைக்குத்தான் நின்று யோசித்தேன்.

1706 ஜூலை 9. ஹாலே பட்டணத்தில் படித்த 23 வயது வாலிபன், தன் கூட்டாளி புளூட்சோவோடு கப்பலை விட்டு இறங்குகிறார். டென்மார்க் ராஜா அனுப்பினவர்கள்தான். ஆனாலும் கோட்டைத் தளபதிக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. தங்க இடம் காட்டாமல் தெருவிலேயே விட்டுவிட்டார். ஊரும் புதிது, பாஷையும் தெரியாது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பிரசங்கத்தை ஆரம்பிக்கவில்லை! ஒரு வயதான தமிழ் வாத்தியாரைத் தேடிப் பிடித்தார். வாத்தியாரிடம் படிக்கிற சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் 'அ', 'ஆ' எழுதினார். சர்வகலாசாலையில் படித்தவர்! அப்புறம் நம்முடைய ஜனங்களின் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், வாசித்தார். 1708-க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு அட்டவணையே எழுதிவிட்டார். 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முன்னே நடந்த இந்தக் கேட்கிற வேலையை யாரும் பேசுவதில்லை.

நம்முடைய ஆண்டவரும் 12 வயதில் தேவாலயத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். போதகர்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வியும் கேட்டார். சகலமும் அறிந்தவர் அவர்!

இன்னொரு காரியம் என்னை அதிகமாய்க் குத்தினது. 1712 முதல் 1714 வரை சீகன்பால்க் ஐயரும் அவரோடிருந்த ஊழியக்காரரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதிக் கடிதமாகப் பதில் வாங்கினார்கள். கிறிஸ்து மார்க்கத்தை ஏன் தள்ளுகிறீர்கள் என்றும் அதில் ஒரு கேள்வி. தமிழர்கள் கூசாமல் பதில் எழுதினார்கள். இங்கே இருக்கிற கிறிஸ்தவர்களின் குடியும் நடக்கையும் அப்படி, பார்க்கிற எங்களுக்கு எப்படி மனசு வரும் என்பது அதன் சாராம்சம். ஐயர் அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடவில்லை. ஜெர்மன் பாஷையில் திருப்பி, தன் சொந்த ஜனங்கள் வாசிக்கட்டும் என்று ஹாலேக்கு அனுப்பினார். அவை அங்கே அச்சும் ஆயின. நானாயிருந்தால் அனுப்பியிருப்பேனா?

அவர் 1714-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனபோது, மலையப்பன் என்கிற தமிழ் வாலிபனும் கூடப் போனார். 1716-இல் ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கணப் புத்தக வேலைக்கு உதவினார். முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம பக்கத்துப் பிள்ளை ஒன்று அந்தக் குளிரில், அந்த ஜனங்கள் நடுவே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டேன். "தம்பி, நான் சொன்னது தப்பு. அவங்களோட உட்கார்ந்து சாப்பிடு, அவங்க சொல்றதக் கேளு" என்றேன். தம்பி சிரித்தார். "மன்னிச்சிடுங்க பாஸ்டர், முதல் வாரமே சாப்பிட்டுட்டேன். அந்தப் பாட்டி நல்லா உருளைக்கிழங்கு சூப் வைப்பாங்க."

பிறகு குரல் மாறினது. "பாட்டி ஒரு கேள்வி கேட்டாங்க பாஸ்டர். இந்தியாவுல சாதி இருக்குன்னு படிச்சிருக்காங்களாம். 'உங்க சபையிலுமா?'ன்னு கேட்டாங்க. நாலு நாளாச்சு, பதில் சொல்லல. என்ன சொல்லட்டும்?"

என்னாலும் உடனே பேச முடியவில்லை. யார் யார் வீட்டில் ஜெபம் மட்டும் பண்ணிவிட்டு எழுந்து வந்தேன், யார் வீட்டில் டீயும் பலகாரமும் வாங்கிச் சாப்பிட்டேன் என்று ஒவ்வொரு வீடாகக் கண் முன்னே வந்தது. "உள்ளதச் சொல்லுப்பா" என்று மட்டும் சொன்னேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வழக்கம்போல நடக்கும். ஆறு வருஷமாகக் காலனி அக்கா வீட்டில் கூட்டம் வைக்கிறோம். ஜெபம் முடிந்ததும் நம்மில் பலர் கிளம்பிவிடுவோம், நானும்தான். இந்த வாரம் உபவாசம் முடிக்கிற கஞ்சி அங்கேயே. அக்காதான் காய்ச்சுகிறார்கள். நான் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன், நீங்களும் இருங்கள்.