ஊழ் என்னுஞ் சொல்



துக்கவீடுகளில் நாம் எளிதிற் கூறிவிடுஞ் சொற்களுள் ஒன்று 'ஊழ்' என்பது. யானும் இளமையில், மகவை இழந்த தாயொருத்தியை நோக்கி, "எல்லாம் ஊழ், அம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து, "அப்படியாயின் என் பிள்ளையைக் கொன்றது என் பாவந்தானா, ஐயா?" என்றாள். விடையறியாது எழுந்து வந்தேன். அவ்வினா இன்றளவும் என்னை விட்டகன்றதில்லை.

ஊழ்த்தல் என்பதற்கு முதிர்தல், மலர்தல், உதிர்தல் என்பன பொருள்களாம். திருவள்ளுவனார் சொல்வன்மையதிகாரத்து மலர்தற்பொருளில் இதனை ஆண்டுள்ளார். ஊழ் என்பது முறைமையையும், முறையே வந்து பொருந்தும் வினைப்பயனையுங் குறிக்கும். ஊழி என்பதோ நெடுங்காலத்தையும் உலகமுடிவையும் உணர்த்தும். பால், முறை, தெய்வம், நியதி, விதி முதலியவற்றை ஊழோடு ஒருபொருட்கிளவிகளாகப் பரிமேலழகர் எண்ணினார். ஆகூழ், போகூழ் என நன்மை தீமை இரண்டற்கும் பொதுவாய் நின்ற இச்சொல்லை, இக்காலத்தார் கேடொன்றற்கே உரியதாக்கினர். செல்வம் வந்துழி 'என் முயற்சி' என்பார், அது போயவழி 'ஊழ்' என்கின்றனர்.

இனிச் சித்தாந்தங் கூறுமாறு காண்போம். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூவகைத்து. அவற்றுள் ஊழாவது இப்பிறப்பில் நுகர்தற்கு முகந்துகொண்ட பிராரத்தமொன்றே. வினை சடமாகலின் தானே சென்று உயிரைப் பற்றமாட்டாது. இறைவன் ஆணையே கூட்டுவிக்கும். முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றாகிய நியதி, ஒருவன் வினைப்பயன் பிறனைச் சாராது, செய்தவனையே சாருமாறு வரையறுப்பது. ஆகவே, அன்னை செய்த வினைக்கு மகவின் உயிர் விலையாதல் இல்லை. அம்மகவின் வாழ்நாள் அதன் வினையளவினது. இதுவே அன்று யான் கூறியிருக்கவேண்டிய விடை.

அற்றேல், அவளுற்ற துயர் அவள் பிராரத்தமன்றோ எனின், ஆம். ஆயின் அஃது ஒறுத்தற்கென்று வந்ததன்று. உயிர் மலபரிபாகம் எய்துதற்பொருட்டு அருளாளன் ஊட்டுவது. பரிபாகமாவது முதிர்ச்சி. ஊழ்த்தலென்னும் பழஞ்சொல்லின் பொருளும் அதுவேயன்றோ!

இன்னுமொன்று கருதுக. அவள் துயர் அவள் பிராரத்தம்; அவள்முன் நின்று நாம் கூறுஞ் சொல்லோ நம் ஆகாமியம். பிறர் நுகர்ச்சிக்கு ஊழென்று பெயரிட்டு வாளா போவோமாயின், அப்புதுவினை நம் கணக்கிலேயே ஏறும். ஊழின் வலியை ஓரதிகாரத்தாற் கூறிய வள்ளுவனாரே, இடைவிடாது முயல்வார் அதனையும் புறங்காண்பர் என ஆள்வினையுடைமையில் அறிவுறுத்தார்.

ஆதலின், துயருற்றார்முன் ஊழென்னுஞ் சொல்லை அடக்கி, அருகிருந்து ஆவன செய்க. அச்சொல் நம் துயரை நாம் பொறுத்தற்கு உரியது. பிறரைத் தூற்றுதற்கு உரியதன்று.

திருச்சிற்றம்பலம்.